4கே கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இரண்டாவது 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு போடலாமா, ஒரே புது கார்டாக வாங்கலாமா?

மாம்பலம்_மாடிவீடு
வெள்ளி, இரவு 10.20

வணக்கம். பத்து நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. உங்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது இன்டெல் ஐ7 8700கே, இசட்370 போர்டு, 32 ஜிபி ரேம், 2017 கடைசியில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, அதே நாளில் வாங்கிய, மின்சாரம் தரும் 750 வாட் எஸ்எம்பிஎஸ். எட்டு வருடமாக ஒரு நாள்கூடத் தகராறு செய்யாத கார்டு. 1080பி மானிட்டரில் நான் கேட்டதையெல்லாம் ஓட்டிக் காட்டியது. தீபாவளிக்கு 32 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். அங்கேதான் சிக்கல். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் குதிரை ஓடும்போது படம் திணறுகிறது. 1080பிக்கு இறக்கினால் வேகம் வருகிறது, ஆனால் அதற்கா இவ்வளவு பெரிய மானிட்டர் என்று மனசு கேட்கவில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் தன் 1080 டிஐயை 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். என் போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலி. எஸ்எல்ஐ, அதாவது இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் வசதி, உண்டு என்று போர்டு வந்த பெட்டியிலேயே போட்டிருக்கிறது. புதிதாகப் போனால் 4கேக்குத் தாங்கும் கார்டு 50,000க்குக் குறைந்து கிடைக்காது போலிருக்கிறது. ஒன்பதாயிரத்தில் வேகம் இரட்டிப்பாகும் என்றால் விட மனமில்லை.

வீடு மேற்கு மாம்பலம், மொட்டைமாடிக்குக் கீழ்த்தளம். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் ஏசி கிடையாது. விளையாடுவது ரெட் டெட் 2, விட்சர் 3, ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர். சைபர்பங்க் 2077 பாதியில் நிற்கிறது. அடுத்து இண்டியானா ஜோன்ஸ் விளையாட ஆசை.

போடலாமா?


இரட்டைமாட்டுவண்டி
வெள்ளி, இரவு 10.55

தம்பி, தாராளமாகப் போடு. கோடம்பாக்கத்தில் என் வீட்டில் 2018இலிருந்து இரண்டு 1080 டிஐ ஜோடியாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் எடுத்துப் போட்டால் ஓடும். ஜிடிஏ 5 பழைய பதிப்பு, டூம் ரைடர் இரண்டும் 4கேயில் வெண்ணெய் மாதிரி போகும். விளையாட்டு கார்டோடு பேசுவதற்கு டைரக்ட்எக்ஸ், வல்கன் என்று வழிகள் உண்டு. டூம் ரைடர் டைரக்ட்எக்ஸ் 12இலேயே இரண்டு கார்டையும் பயன்படுத்தத் தெரிந்த விளையாட்டு. ரெட் டெட் 2உம் வல்கனில் இரண்டு கார்டை எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கவனி. இரண்டு கார்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டும் 1080 டிஐயாக இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்க மேலே மாட்டும் பிரிட்ஜ் ஹை பேண்ட்வித் (HB) பிரிட்ஜாக இருக்கட்டும். அது வளையாத பலகை, உன் போர்டின் ஸ்லாட் இடைவெளிக்குச் சரியான அகலம் பார்த்து வாங்கு. பழைய ரிப்பன் பிரிட்ஜ் 4கேக்குப் பற்றாது.


பிரேம்டைம்
வெள்ளி, இரவு 11.40

வண்டி அண்ணா சொன்ன இரண்டு மூன்று விளையாட்டுக்கு அவர் சொல்வது உண்மை. மற்றவற்றுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் மாம்பலம்.

முதலில் கணக்கு. 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள். 4கேயில் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. இரண்டாவது கார்டு நூற்றுக்கு நூறு உழைத்தாலும் உங்கள் பலம் இரண்டு மடங்குதான் ஆகும். வேலை நான்கு மடங்கு ஏறியிருக்கிறது.

அடுத்தது மெமரி. 11ஐயும் 11ஐயும் கூட்டி 22 ஜிபி ஆகும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எஸ்எல்ஐயில் இரண்டு கார்டும் ஒரே காட்சியின் முழுப் பிரதியை ஆளுக்கொன்று வைத்திருக்கும். விளையாட்டுக்குக் கிடைப்பது அதே 11 ஜிபி.

மூன்றாவதுதான் முக்கியம். எஸ்எல்ஐ வழக்கமாக வேலை செய்வது முறை மாற்றி வரைவதன் மூலம். திரையில் வரிசையாக வரும் படங்களில், அதாவது பிரேம்களில், ஒற்றைப்படை பிரேம் ஒரு கார்டு, இரட்டைப்படை பிரேம் இன்னொரு கார்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒவ்வொரு பிரேமும் தனித்தனி ஓவியம் மாதிரி, அதனால் சரியாக வந்தது. இப்போது வரும் விளையாட்டுகள் ஓரங்களை மென்மையாக்கவே முந்தைய பிரேமை எடுத்துப் பார்க்கின்றன. முந்தைய பிரேம் இருப்பதோ அடுத்த கார்டின் மெமரியில். அதை இங்கே கொண்டுவரும் நேரத்திலேயே லாபம் கரைந்துவிடும். அதனால்தான் விளையாட்டு எழுதுகிறவர்கள் கைவிட்டார்கள். அப்புறம் இந்தக் கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியாவும் கைவிட்டது. 20 வரிசைக்கும், உங்கள் 1080 டிஐ இருக்கும் 10 வரிசை போன்ற முந்தியவற்றுக்கும் புது எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒரு விளையாட்டில் இரண்டு கார்டையும் எப்படி ஓட்டுவது என்ற டிரைவர் குறிப்பு) இனி இல்லை என்று 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டுக்கு மட்டும் இணைப்பு முனை இருந்தது. அடுத்து வந்த 4090இல் அதுவும் கிடையாது.

உங்கள் பட்டியலில் சைபர்பங்க் இருக்கிறது. அது இரண்டாவது கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.


தாம்பரம்_ட்வீக்
சனி, காலை 7.15

இண்டியானா ஜோன்ஸ் விளையாட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ரே டிரேசிங் வன்பொருள் (ஒளி, நிழலின் போக்கைக் கணக்கிடும் சிப் பகுதி) கட்டாயம். 1080 டிஐயில் அது கிடையாது. இரண்டு போட்டாலும் நான்கு போட்டாலும் அந்த விளையாட்டு ஓடாது அண்ணா. டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படித்தான்.

இன்னொன்று, 10 வரிசைக்கு என்விடியாவின் வழக்கமான கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான்.


மாம்பலம்_மாடிவீடு
சனி, காலை 9.05

தாம்பரம் தம்பி, இது எனக்குத் தெரியவே தெரியாது. மிக்க நன்றி. இண்டியானா ஜோன்ஸ் விஷயம் கொஞ்சம் இடித்துவிட்டது.

ஆனாலும் பிரேம்டைம், ஒரு கேள்வி. என் பட்டியலில் பாதி விளையாட்டு பழையதுதான். அவற்றுக்காக மட்டும் ஒன்பதாயிரம் தகாதா? பழைய விளையாட்டை 4கேயில் நன்றாகப் பார்த்தாலே எனக்கு இரண்டு வருடம் ஓடிவிடும்.


சால்டர்_சார்
சனி, காலை 11.30

தம்பி, நான் ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவில் முப்பது வருடமாகக் கார்டு ரிப்பேர் பார்க்கிறவன். இந்த இரட்டைக் கார்டு ஆசையை ஆரம்பத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

1998இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ2 கார்டு வந்தபோது ஒரு பையன் இரண்டு கார்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்று போட்டால் திரையில் 800க்கு 600 புள்ளி. இரண்டு போட்டால் 1024க்கு 768. ஒரு கார்டு ஒற்றை வரிகளை வரையும், மற்றது இரட்டை வரிகளை வரையும். எஸ்எல்ஐ என்ற பெயரே அந்த வரி பின்னும் வேலையிலிருந்து வந்தது. மாட்டி ஓட்டிக் காட்டியபோது கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து நின்று பார்த்தோம். அந்தக் காலத்தில் அது நிஜமாகவே இரட்டிப்பு. 3டிஎஃப்எக்ஸ் மூழ்கிய பிறகு என்விடியா அவர்கள் சொத்தை வாங்கி, 2004இல் அதே மூன்றெழுத்தை வேறு விரிவோடு திரும்பக் கொண்டுவந்தது. பெயர்தான் ஒன்று, வேலை செய்யும் விதம் வேறு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாயிரம் கார்டுக்கு மட்டும். உன் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எட்டு வயது. 1080 டிஐ ஒன்றுக்கு 250 வாட். இரண்டுக்கு 500. உன் பிராசசர், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 650ஐத் தாண்டும். புதிதாக இருந்தபோது 750 தந்தது இன்றைக்கும் அதே தெம்போடு தரும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நம் ஊர் வெயிலில் வருடத்துக்கு வருடம் காய்கிறது. நல்ல 850 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, பிரிட்ஜ், கேபினெட்டுக்கு இரண்டு ஃபேன் என்று போட்டுப் பார். ஒன்பதாயிரம் இருபதைத் தொடும். யானை மலிவாகக் கிடைத்தாலும் கட்டித் தீனி போடுகிறவன் நீதான்.

நண்பர் கார்டுதான் என்றாலும் வாங்கும் முன் என்னிடம் கொண்டுவா. காசு வேண்டாம். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பேன். நல்ல ஃபேன் சத்தமில்லாமல் மூன்று நான்கு சுற்று சுற்றி நிற்கும். பேரிங் போனது ஒரே சுற்றில் கரகரவென்று நின்றுவிடும். அப்புறம் டிஸ்ப்ளே போர்ட் முனையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் கடற்கரை வீடுகளிலிருந்து வரும் கார்டில் உள்ளே லேசாகப் பச்சை பூத்திருக்கும். அது உப்புக்காற்று. வெளியே துடைத்துப் புதிது மாதிரி வைத்திருப்பார்கள், இந்த இடத்தைத் துடைக்க முடியாது. திங்களிலிருந்து சனி வரை எப்போது வேண்டுமானாலும் வா, ஞாயிறு பெரும்பாலும் தெரு மூடியிருக்கும்.


வடபழனி_ரெண்டர்
சனி, மதியம் 1.50

நான் விளையாட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை, 3டி அனிமேஷன் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது கார்டு இன்றைக்கும் நல்ல முதலீடு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் (காட்சியைப் படமாக வரைந்தெடுப்பது) போட்டால் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டு கார்டும் பங்கு போட்டுக்கொள்ளும். பிரிட்ஜ்கூட வேண்டாம். 2019இல் ஒரு விளம்பரப் படத்துக்கு இரண்டு 1080 டிஐயில்தான் ராத்திரி ராத்திரியாக ரெண்டர் எடுத்தோம், நேரம் கிட்டத்தட்ட பாதியானது. காட்சி மொத்தமும் ஒவ்வொரு கார்டின் 11 ஜிபிக்குள்ளும் அடங்க வேண்டும் என்பது மட்டும்தான் தொல்லை.

ரெண்டருக்கு ஒரு பிரேம் எட்டு நிமிடமா ஒன்பது நிமிடமா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. விளையாட்டில் ஒரு பிரேம் நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் வந்தாக வேண்டும், அதுவும் வரிசையாக, சம இடைவெளியில். இரண்டும் வேறு வேறு பிழைப்பு. மாம்பலம், நீங்கள் எடிட்டிங், ரெண்டர் ஏதாவது செய்வீர்களா? செய்தால் என் பதில் வேறு.


மாம்பலம்_மாடிவீடு
சனி, மதியம் 2.30

இல்லை அக்கா. விளையாட்டு மட்டும்தான். அதுவும் குழந்தை தூங்கிய பிறகு ராத்திரி மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு யோசிக்கிறேன்.


பிரேம்டைம்
சனி, மாலை 4.10

ரெண்டர் அக்கா சொன்ன சம இடைவெளிதான் நான் அடுத்துச் சொல்ல வந்தது. என் பெயரே அதுதான்.

நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லிசெகண்டில் வர வேண்டும். இரண்டு கார்டு மாறி மாறி வரையும்போது ஒரு பிரேம் 8 மில்லிசெகண்டிலும் அடுத்தது 25இலும் வரலாம். சராசரி எடுத்தால் 16.5. மூலையில் ஓடும் எண் 60 என்றே காட்டும். கண்ணுக்குத் தெரிவதோ அந்த 25தான், அதாவது 40 பிரேம் மாதிரி. நடக்கும்போது காலில் கல் தடுக்கிக்கொண்டே இருப்பது போன்ற உணர்வு. இதைச் சீர்ப்படுத்த என்விடியா கார்டிலேயே ஏற்பாடு உண்டு, போட்டிக் கம்பெனியான ஏஎம்டி 2013இல் இதற்கென்றே டிரைவர் விட்டது. குறைந்ததே தவிர, முழுதாகப் போகவில்லை.

அதனால் நீங்கள் எதைப் போட்டுப் பார்த்தாலும் சராசரியை மட்டும் எழுதாதீர்கள். பிரேம் நேரக் கோட்டைத் திரையில் போட்டுப் பாருங்கள். கோடு நேராகப் போனால் நல்லது, ரம்பம் மாதிரிப் பல் பல்லாக வந்தால் அதுதான் விக்கல்.


தாம்பரம்_ட்வீக்
சனி, மாலை 5.25

இரண்டாவது கார்டு வேண்டாம் என்று ஒரேயடியாக மூடிவிட வேண்டாம். இப்போது வேறு ஒரு வழி இருக்கிறது. லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்று ஒரு சின்ன மென்பொருள். முதல் கார்டு விளையாட்டை வரையும். இரண்டாவது கார்டு அந்த பிரேம்களுக்கு நடுவே புதிதாகப் பிரேம் செய்து செருகும். இதற்கு எஸ்எல்ஐ, பிரிட்ஜ், ஒரே மாதிரி கார்டு எதுவும் தேவையில்லை. ஒன்று என்விடியா, ஒன்று ஏஎம்டி என்றாலும் ஓடும். மானிட்டர் கேபிளை இரண்டாவது கார்டில் செருக வேண்டும். விண்டோஸ் செட்டிங்கில் விளையாட்டை முதல் கார்டுக்கு ஒதுக்க வேண்டும். நான் என்விடியா 3070ஓடு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 போட்டு வைத்திருக்கிறேன். 6400க்குத் தனி பவர் கேபிள்கூட வேண்டாம், மொத்தமே 53 வாட்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் கூடும். அடிப்படை வேகம் 50, 60 இருந்தால்தான் அழகாக இருக்கிறது. 30ஐ 60 ஆக்கினால் ஓடும் ஆளின் கால்களைச் சுற்றிப் படம் கலங்குகிறது. என் மானிட்டர் 1440பி, அதாவது 1080பிக்கும் 4கேக்கும் நடுவே, அதற்கு 6400 தாங்குகிறது. 4கேக்கு இதைவிடப் பெரிய கார்டு வேண்டும். அண்ணா இப்போது 4கேயில் வாங்கும் அடிப்படை வேகமே குறைவு என்பதால், இன்றைய நிலையில் உங்களுக்கு இது உதவாது.


இரட்டைமாட்டுவண்டி
சனி, இரவு 8.00

இவ்வளவு பேசுவதற்குப் பதிலாகப் போட்டுப் பார்த்துவிடலாம். தம்பி, என் இரண்டாவது கார்டும் பிரிட்ஜும் அலமாரியில் சும்மா இருக்கிறது. நாளைக் காலை கோடம்பாக்கம் வந்து வாங்கிக்கொள். ஒரு வாரம் வைத்திரு. எனக்கு உன் ஒன்பதாயிரம் வீணாகக்கூடாது, அதே சமயம் இரட்டைக் கார்டைப் பார்க்காமலேயே ஒருவன் கெட்டது என்று சொல்லிவிடவும் கூடாது. நான் ஐந்து வருடம் ராத்திரி ராத்திரியாகச் சந்தோஷப்பட்டது அந்த ஜோடியில்தான்.

ஸ்லாட் இடைவெளியை அளந்து சொல், அதே அகலப் பிரிட்ஜா என்று பார்த்துவிடுகிறேன்.


சால்டர்_சார்
சனி, இரவு 8.20

போட்டுப் பார். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து பார், ஓடவிட்டுத் தூங்கப் போகாதே. ஒவ்வொரு கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிள் இழு. ஒரே கேபிளில் இரண்டு தலை இருக்கிறதே என்று இரண்டு கார்டுக்கும் பிரித்துக் கொடுக்காதே. அந்த முனை கருகி என்னிடம் வந்த கார்டுகள் நிறைய.


மாம்பலம்_மாடிவீடு
செவ்வாய், இரவு 11.50

மூன்று நாள் ஓட்டிவிட்டேன். முதலில் வண்டி அண்ணாவுக்கு நன்றி. முன்பின் பார்க்காத ஒருவனுக்குக் கார்டையும் கொடுத்து, காபியும் கொடுத்து, பிரிட்ஜை எப்படி அழுத்த வேண்டும் என்று மேஜைமேல் வைத்துக் காட்டியும் அனுப்பினார்.

மாட்டும்போதே ஒன்று தெரிந்தது. இரண்டு கார்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல்தான் போகிறது. மேல் கார்டின் ஃபேன் மூச்சு விடுவதே கீழ்க் கார்டின் முதுகில்.

டூம் ரைடரில் 4கேயில் ஒற்றைக் கார்டுக்கு நொடிக்கு 44 பிரேம் வந்தது. ஜோடிக்கு 79. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோடும் பெரும்பாலும் நேராகத்தான் போனது. அண்ணா ஏன் இதை இவ்வளவு நேசிக்கிறார் என்று அப்போது புரிந்தது.

அடுத்து ரெட் டெட் 2. சராசரி ஏறியது, 38இலிருந்து 58. ஆனால் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விட்டால் பிரேம் நேரக் கோடு ரம்பம். எண் 58 என்கிறது, கண் நம்ப மறுக்கிறது. பழைய 38ஐவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 58 மாதிரி இல்லவே இல்லை. பிரேம்டைம் சொன்ன அந்தக் கல் தடுக்குவதை நேரில் பார்த்தேன்.

விட்சர் 3இல் பழைய டைரக்ட்எக்ஸ் 11 வழியில் போனால் இரண்டாவது கார்டு உழைக்கிறது. 2022இல் வந்த புது மேம்பாட்டோடு டைரக்ட்எக்ஸ் 12இல் போனால் உழைப்பதில்லை. சைபர்பங்க்கில் இரண்டாவது கார்டு கடைசி வரை பூஜ்யம் சதவீதம். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சூடுதான் நான் எதிர்பார்க்காத அளவு. வெளியே நல்ல மழை, சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் சாத்தியிருந்தேன். அறையில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 29இல் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்தில் 33. மேல் கார்டு பதினைந்து நிமிடத்தில் 84 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 1,850 மெகாஹெர்ட்ஸில் ஓடியது 1,600 பக்கம் வந்துவிட்டது. கீழ்க் கார்டு 71இல் நிம்மதியாக இருந்தது. 500 வாட் என்றால் பாதி இஸ்திரிப்பெட்டியை அறைக்குள் மூன்று மணி நேரம் எரியவிடுவது போலத்தான். இது கார்த்திகை மழை. மே மாதக் கத்திரியில் மொட்டைமாடி வெயில் நேராக இறங்கும் இந்த அறையில் என்ன ஆகும் என்று நினைத்தாலே வியர்க்கிறது.

நேற்று ராத்திரி இன்னொன்று. விளையாடிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஸ் விடாமல் கத்த ஆரம்பித்தது. என்னுடையது 1,000 விஏ, அதாவது 600 வாட்தான் தாங்கும். சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது. சால்டர் சார் சொன்ன 650 கணக்கை யுபிஎஸ் நிரூபித்துவிட்டது.


பிரேம்டைம்
புதன், காலை 8.10

இவ்வளவு பொறுமையாகச் செய்து எழுதியதற்கு நன்றி. இனி இந்தக் கேள்வியோடு யார் வந்தாலும் இந்தப் பதிவைத்தான் காட்டுவேன்.

ஈபி கணக்கையும் போட்டுவிடுகிறேன். கூடுதலாக 250 வாட், தினம் மூன்று மணி நேரம், ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 60 நாள் என்றால் 45 யூனிட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் உங்கள் வீடு 470, 480 யூனிட்டில் நிற்கும் வீடாக இருந்தால் இந்த 45 உங்களை 500ஐத் தாண்டித் தள்ளிவிடும். தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணம் போய்விடும், அந்த நூறுக்கும் மேல்படிக் கட்டணம் விழும். போன பில்லை எடுத்துப் பாருங்கள்.


மாம்பலம்_மாடிவீடு
புதன், காலை 8.45

பார்த்தேன். 486.


வடபழனி_ரெண்டர்
புதன், காலை 10.30

அப்படியானால் ஒரே கார்டாகப் போய்விடுங்கள் மாம்பலம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் சூட்டையும் சத்தத்தையும் கோட்டையும் கவனித்துக்கொண்டிருப்பது விளையாட்டாகாது.


பிரேம்டைம்
புதன், மதியம் 12.15

என் யோசனை. உங்கள் போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் பிசிஐஇ 3.0, பழைய தலைமுறை. இது முக்கியம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ மாதிரி சில கார்டுகள் ஸ்லாட்டின் பதினாறு லேனில், அதாவது தகவல் போகும் பாதைகளில், எட்டைத்தான் பயன்படுத்தும். புது போர்டில் தெரியாது, 3.0 போர்டில் கொஞ்சம் இழப்பு தெரியும். அதனால் பதினாறு லேன் உள்ள கார்டாகப் பாருங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், ஆர்எக்ஸ் 9070 16 ஜிபி 220 வாட். இரண்டும் பதினாறு லேன். 9060 எக்ஸ்டி 1440பிக்கு அருமை, 4கேக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். உங்கள் மானிட்டருக்கு 9070தான் பொருத்தம். 220 வாட் என்பது உங்கள் ஒற்றை 1080 டிஐயைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். யுபிஎஸ் கத்தாது, பில்லும் ஏறாது.

4கேயை முழுசாக வரைய வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஏஎம்டியின் படம் பெரிதாக்கும் வசதியான எஃப்எஸ்ஆர் 4ஐக் குவாலிட்டியில் வைத்தால் உள்ளே 1440பியில் வரைந்து 4கேயாக விரிக்கும். வரைவது 36,86,400 புள்ளி மட்டும், பாதிக்கும் குறைவு. 32 அங்குலத்தில் நாலடி தள்ளி உட்கார்ந்தால் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். இந்த எஃப்எஸ்ஆர் 4 உங்கள் பழைய கார்டில் கிடையாது. இரண்டாவது கார்டு வாங்கினாலும் கிடைக்காது.

போர்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரேயடியாக எட்டும் வசதி) தரும் பயாஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில இசட்370 போர்டுகளுக்கு வந்தது. இருந்தால் கட்டாயம் போடுங்கள்.


இரட்டைமாட்டுவண்டி
புதன், மதியம் 1.00

தம்பி, நானும் இதையே சொல்கிறேன். டூம் ரைடர் பார்த்தாய் அல்லவா, எனக்கு அது போதும். 2018இல் நான் ஜோடி போட்டபோது அதைவிட வேகமான வழி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. உன் அறைக்கு, உன் பட்டியலுக்கு, ஒரே கார்டு.


சால்டர்_சார்
புதன், மாலை 6.40

எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடு. எட்டு வருடப் பழசில் புது கார்டை மாட்டாதே. 750 வாட் நல்லதாக ஒன்று போதும். கார்டு வாங்கும் கடையில் பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கு. 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறாய், வாரண்டிக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் கண் கலங்கி என் கடைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.


மாம்பலம்_மாடிவீடு
ஞாயிறு, காலை 7.30

நேற்று ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஆர்எக்ஸ் 9070 வாங்கிவிட்டேன். நான்கு கடை ஏறி இறங்கியதில் 1,800 ரூபாய் வித்தியாசம் கிடைத்தது. புது எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்துப் பட்ஜெட்டைத் தாண்டியதுதான். இரண்டு மாதம் வேறு எதுவும் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி முடித்துக்கொண்டோம். சால்டர் சார் கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கொடுத்தார். சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறது.

பழைய என்விடியா டிரைவரை சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் புதியதை ஏற்றினேன். ரீசைசபிள் பாருக்கு என் போர்டுக்குப் பயாஸ் இருந்தது, போட்டுவிட்டேன்.

ராத்திரி முதலில் போட்டது ரெட் டெட் 2. அதே குதிரை, அதே சமவெளி, கோடு நூல் பிடித்த மாதிரி. அப்புறம் இண்டியானா ஜோன்ஸ் ஆரம்பித்தேன், ஒரு மணிக்குத்தான் எழுந்தேன். தெர்மாமீட்டர் 30. யுபிஎஸ் வாயைத் திறக்கவில்லை.

என் பழைய 1080 டிஐ அக்கா பையனுக்குப் போகிறது. அவனிடம் இருப்பது 1080பி மானிட்டர், அதற்கு இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும். அலுவலக நண்பருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ரெண்டர் அக்கா, உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது பிளெண்டருக்கு அந்த நண்பரின் கார்டு வேண்டுமானால் சொல்லுங்கள், நிலைமை நன்றாக இருக்கிறது, சால்டர் சார் ஃபேனைச் சுற்றிப் பார்த்துவிட்டார்.

வண்டி அண்ணா, கார்டையும் பிரிட்ஜையும் பழைய உறையிலேயே சுற்றி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் கோடம்பாக்கம் வரலாமா?


இரட்டைமாட்டுவண்டி
ஞாயிறு, காலை 7.50

வா தம்பி. டிபன் இங்கேயே.